தேள் கொட்டிய நாள்: ஏலமலைச் சரிவில் எகிப்து படிப்பது குறித்து

1

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. போடிமெட்டு வளைவுகளில் ஏறி, மாநில எல்லையைத் தாண்டி, அங்கிட்டு இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் பெண்கள் காயெடுக்கப் போகிறார்கள். பொழுது சாய்ந்து இறங்குகிறார்கள். பறித்த காய் ஸ்டோரில் உலர்ந்து, போடிக் குடோன்களில் வேறு பெண்களின் விரல்களால் தரம் பிரிக்கப்பட்டு, ஏலத்துக்குப் போகிறது. ஏலத்தையே ஏலம் விடுகிற ஊர். இந்தச் சுற்றில் எந்த இடத்திலும் எகிப்து இல்லை.

பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் 'பண்டைய நாகரிகங்கள்' என்ற பாடத்தில் சில பக்கங்கள். நைல், பாரோ, பிரமிடு, மம்மி, சித்திர எழுத்து. கோடிட்ட இடத்தை நிரப்பிவிட்டால் கதை முடிந்தது. மலைக்குப் போகிறவளின் மகள் அதை மனப்பாடம் செய்கிறாள். அம்மாவுக்கு அது என்னவென்றே தெரியாது. மகளும் சொல்வதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது?

அடிவாரத்து ஊர் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நானும் சில நண்பர்களும் நடத்திவந்த ஒரு சின்ன வகுப்பில், பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து எகிப்தியத் தொல்லியலைப் பேசிப் பார்த்தோம். அந்த அனுபவத்திலிருந்தும் அதில் பட்ட அடியிலிருந்தும்தான் இதை எழுதுகிறேன். முதல் எதிர்ப்பு நம்மவர்களிடமிருந்தே வந்தது. ஒரு தோழர் கேட்டார்: "கூலிப் பிரச்சினை பேச வேண்டிய எடத்துல பாரோ கதை எதுக்கு?" இன்னொருவர் சற்று நாசூக்காக, வளர்ந்தவர்களுக்குக் கையெழுத்தும் வங்கிப் படிவமும் முதலில் வரட்டும் என்றார்.

இரண்டாவது வாதம்தான் ஆபத்தானது. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராய்ப் போனபோது, பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும், ராத்திரி வகுப்பில் கூடி உட்கார்ந்ததும், கேள்வி கேட்டதும் எழுத்தறிவின் பகுதியாகவே இருந்தன. அதற்குப் பிறகு வந்த திட்டங்களில் வயதுவந்தோர் கல்வி என்பது மெல்ல மெல்லப் 'பயன்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் சுருங்கிப்போனது. படிவம் நிரப்பு, கைரேகைக்குப் பதில் கையெழுத்துப் போடு, செல்போனில் பணம் அனுப்பு. இவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூலிக்காரிக்கு எவ்வளவு அறிவு போதும் என்று அளந்து கொடுக்கிற அந்தப் படி யாருடையது? பாவ்லோ ஃப்ரெய்ரே வங்கிமுறைக் கல்வி என்று எதைச் சாடினாரோ அது, வங்கிப் படிவம் நிரப்பும் கல்வியாகவே வந்து நிற்பது நல்ல நகைச்சுவைதான். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு துண்டு எழுத்தைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும் உரிமை மலைக்குப் போகிறவளுக்கு உண்டு என்று நாம் நம்புகிறோமா இல்லையா? கேள்வி அவ்வளவுதான்.

2

நமக்குள் இருக்கும் எகிப்து எங்கிருந்து வந்தது? 1798-ல் நெப்போலியன் படையோடு சேர்த்து அறிஞர் கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு போனான். 1799-ல் கிடைத்த ரொசெட்டாக் கல், பிரெஞ்சுக்காரர் தோற்றதும் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1802-லிருந்து அது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1822-ல் ஷம்போலியன் சித்திர எழுத்தின் முடிச்சை அவிழ்த்தார். 1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் துட்டன்காமூனின் கல்லறையைத் திறந்தார். பொது அறிவுப் புத்தகங்களில் எகிப்தியத் தொல்லியலின் வரலாறு என்பது இந்த நாலு தேதிதான். கதாநாயகர்கள் ஐரோப்பியர்கள். கதைப்பொருள் அரசர்கள். நடுவில் உயிரோடு இருந்த எகிப்தியர், கூடையில் மண் சுமக்கும் பின்னணி. எட்வர்ட் சையத் 1978-ல் கீழைத்தேயவியலைப் பிரித்துப் போட்டபோது நெப்போலியனின் அந்தப் பயணத்தைத் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக வைத்தது சும்மா இல்லை.

இத்தனைக்கும் கார்ட்டரே தன் புத்தகத்தில் மேஸ்திரிகளின் பெயர்களைச் சொல்லி நன்றி கூறியிருக்கிறார். அகமது குர்கர், காத் ஹசன், ஹுசைன் அபு அவாத், ஹுசைன் அகமது சயீத். குஃப்ட் என்ற ஊர்க்காரர்களைப் பிளின்டர்ஸ் பெட்ரி பழக்கியெடுத்தார். அதன்பின் தலைமுறை தலைமுறையாக அகழாய்வே அவ்வூர்க் குடும்பங்களின் தொழிலாயிற்று. மண்ணின் நிறம் மாறுவதை விரலால் தெரிந்துகொள்ளும் அந்த அறிவு எந்தப் பல்கலைக்கழகப் பட்டத்திலும் வராது. நம் வகுப்பில் இந்தப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டதும் ஒரு பையன், "கீழடியில தோண்டுனவங்க பேரும் இப்புடி எழுதியிருக்கா சார்?" என்று கேட்டான். பதில் சொல்ல முயலாமல், நேரில் போகும்போது பார்த்துவிட்டு வந்து நீயே சொல் என்றேன். 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் பள்ளிப் பேருந்துகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. இந்தக் கேள்வியோடு போகிற பிள்ளைகள் எத்தனை பேர்?

சினிமா தந்த எகிப்து தனி. 1956-ல் வந்த 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' சாட்டையடி வாங்கும் அடிமைகளைத் தந்தது. நமக்கு 1998-ல் 'ஜீன்ஸ்' படத்தில் பிரமிடு ஒரு பாட்டுக்குப் பின்புலமாகக் கிடைத்தது. முன்னதில் உழைப்பு என்பது வெறும் சாட்டை. பின்னதில் உழைப்பே இல்லை, கல் தானாகவே அடுக்கிக்கொண்டு நிற்கிறது. வேற்றுக்கிரகவாசிகள் வந்து கட்டினார்கள் என்று கிளம்பும் கதைகள் இந்த இரண்டாம் வகையின் நீட்சி. கல்லைக் கட்டியவன் கறுத்த தோலுள்ள கூலிக்காரன் என்பதை ஏற்பதைவிட, வானத்திலிருந்து வந்தான் என்பது சிலருக்குச் சௌகரியமாக இருக்கிறது.

தொல்லியல் என்ன சொல்கிறது? ஹெரோடோட்டஸ் லட்சம் பேர் மூன்று மாத முறை வைத்து உழைத்ததாக எழுதினார். அவர் எழுதியது பிரமிடு கட்டி இரண்டாயிரம் வருடங்களுக்குப் பிறகு. 1990-லிருந்து கிசா பீடபூமியின் தெற்கே தோண்டப்பட்டவை வேறு சித்திரத்தைத் தருகின்றன. வேலைக்காரர்களின் கல்லறைகள், ரொட்டிச் சூளைகள், தின்று போட்ட மாட்டெலும்புகள். முதுகெலும்புத் தேய்மானம் உள்ள எலும்புக்கூடுகள், முறிந்து பின் கட்டுப்போட்டுக் கூடிய கைகால்கள். அடிமைச் சந்தையில் வாங்கிய கூட்டம் என்பதைவிட, ஊர்களிலிருந்து முறைவைத்துத் திரட்டப்பட்டு, சோறு போட்டு, வைத்தியம் பார்த்து வேலை வாங்கப்பட்டவர்கள் என்பதே இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் முடிவு. 'விரும்பி' வந்தார்களா என்பது வேறு சங்கதி. கட்டாய வேலைக்கு அடிமை என்ற பேர் இல்லாவிட்டால் அது சுதந்திரம் ஆகிவிடாது.

முதுகெலும்புத் தேய்மானம் என்றதும் வகுப்பில் இருந்த பெரிய பொம்பளைகள் சிரித்தார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது, அடித்தூரில் தரையோடு ஓடும் சரத்தில் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க வேண்டும். எலும்பு சாட்சி சொல்லும் என்ற தொல்லியல் உண்மையை அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

3

மர்ம எகிப்துக்கு மாற்றாக நாம் இப்போது வேறொரு எகிப்தைப் பிள்ளைகளுக்குத் தருகிறோம். பெருமித எகிப்து. ராமேசஸ் மூக்கில் நம்ம மிளகு. செங்கடல் ஓரத்தில் நம்ம எழுத்து. மேடைக்கு மேடை இது சொல்லப்படுகிறது. கொஞ்சம் சூடேறினால் எகிப்தியரே தமிழர்தான் என்று முடிகிறது. இதை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் இதற்குள் உண்மைச் சான்றுகள் இருக்கின்றன என்பதாலேயே இதைக் கவனமாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் மிளகு. கி.மு. 1213-ல் இறந்த இரண்டாம் ராமேசஸின் உடல் 1976-77-ல் பாரீசில் ஆராயப்பட்டபோது மூக்குத் துளையில் மிளகு கண்டறியப்பட்டது. சரி. ஆனால் அந்த மிளகு யார் கை மாறி, எந்த வழியாகப் போனது என்பதைச் சொல்லும் சான்று இடையில் கிடையாது. மிளகு மூட்டை மூட்டையாகப் போனதற்கான சாட்சியம் வருவது ஆயிரம் வருடங்களுக்கும் மேல் கழித்து, ரோமானியர் ஆண்ட எகிப்தில். செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் ஒரு கோயில் வளாகத்தில் தரையில் புதைத்து வைத்திருந்த இந்தியப் பெருஞ்சாடியில் 7.55 கிலோ மிளகு அப்படியே இருந்தது. காலம் கி.பி. முதல் நூற்றாண்டு.

அடுத்து எழுத்து. பெரெனிகேயில் 1995-ல் ஒரு சாடித் துண்டில் தமிழ் பிராமியில் 'கொறபூமான்' என்ற பெயர் கிடைத்தது. அதற்கு வடக்கே குசேர் அல்-காதிமில் 'கணன்', 'சாதன்' என்ற பெயர்கள் முன்பே கிடைத்திருந்தன. அதே இடத்தில் கிடைத்த இன்னொரு சாடித் துண்டை ஐராவதம் மகாதேவன் 2007-ல் 'பானை ஒறி' என்று படித்தார். கயிற்று உறியில் தொங்கவிடும் பானை. இவற்றில் ஒரு அரசன் பெயரும் இல்லை. வந்து போன யாவாரியோ கப்பல் வேலைக்காரனோ தன் பாத்திரத்தில் கீறிய அடையாளம். வகுப்பில் அரசர் பெயர்களுக்கு வராத சத்தம் 'உறி' என்றதும் வந்தது. "ஏய்யா, பூனைக்குப் பயந்து அங்கயும் உறி கட்டுனாகளா?" என்றது ஒரு பாட்டி. அந்தத் துண்டின் மிகச்சிறந்த வாசிப்பு இதுவே என்று எனக்குப் படுகிறது.

இனி ஏலக்காய். போடியில் இதைத் தவிர்க்க முடியாது. பழைய எகிப்தியர் ஏலக்காயை மென்று பல்லைச் சுத்தம் செய்தார்கள் என்று வாசனைப் பொருள்களைப் பற்றிய வெகுஜன எழுத்துகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிவருகின்றன. நம் ஊரிலும் பெருமையாகச் சொல்லப்படுவதுதான். ஆதாரம் கேட்டால் யாரும் காட்டுவதில்லை. கிரேக்க, லத்தீன் நூல்களில் 'கர்தமோமோன்' என்ற சொல் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் சுங்கம் விதித்த பொருள்களின் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் நம் ஏலக்காயைத்தான் குறித்ததா என்பது தீராத வழக்கு. குசேர் அல்-காதிமில் மண்ணைச் சலித்துத் தாவர எச்சங்களை ஆராய்ந்தவர்கள் ரோமானிய கால அடுக்கில் மிளகைக் கண்டார்கள். ஏலக்காய் அங்கே வருவது இஸ்லாமிய கால அடுக்கில், இஞ்சியோடும் மஞ்சளோடும் கொட்டைப்பாக்கோடும். அதாவது பாரோக்கள் போய் ஆயிரம் வருடங்களுக்கும் மேல் கழித்து.

இதைச் சொன்னபோது வகுப்பு வாடிவிட்டது. ஊர்ப் பெருமையில் கைவைத்தால் சும்மா விடுவார்களா? 'நம்மாளுகளே நம்மள மட்டந்தட்டலாமா' என்று பின்னால் ஒரு நண்பர் கோபித்தார். ஆனால் தொல்லியலில் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய முதல் பாடம் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சொல் ஒரு சான்று, விதை வேறொரு சான்று. எந்த அடுக்கில் கிடைத்தது என்பது மூன்றாவது சான்று. மூன்றும் சேராதபோது சேரவில்லை என்று சொல்லப் பழக வேண்டும். தனக்குப் பிடித்த பொய்யைக் கைவிடத் தெரியாதவன் அடுத்தவன் பொய்யைக் கேள்வி கேட்க முடியாது. தோட்டத்துக் கணக்கில் தவறு இருக்கிறது என்று நாளைக்கு இந்தப் பிள்ளை நிரூபிக்க வேண்டுமானால், அவளுக்குத் தேவை கோஷம் மட்டும் இல்லை, ஆதாரத்தை அடுக்கும் இந்தப் பழக்கமும்தான்.

அந்த வாட்டத்திலிருந்துதான் எட்டாவது படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: "சரி சார், மிளகாவது போச்சுல்ல. அதைப் பறிச்சது யாரு?"

முசிறித் தாள்சுவடி என்றழைக்கப்படும் ஆவணம் வியன்னாவில் இருக்கிறது. 1985-ல் வெளியிடப்பட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் முசிறி வணிகத்துக்காக எழுதப்பட்ட கடன் ஒப்பந்தம் அதன் ஒரு பக்கம். மறுபக்கம் 'ஹெர்மாபொல்லோன்' என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. செங்கடல் கரையில் இறக்கிய சரக்கை ஒட்டகக்காரனிடம் ஒப்படைப்பது, பாலைவழியில் காவல், நைல் வழியாக அலெக்சாந்திரியா போவது, கிடங்கில் முத்திரை வைப்பது, நாலில் ஒரு பங்கு சுங்கம் கட்டுவது, எல்லாம் இருக்கிறது. மலைச் சரிவில் சரக்கைச் சேகரித்த கை மட்டும் இல்லை. முசிறி இன்றைய பட்டணம்தான் என்று கேரளத்தார் சொல்வதும், சேரநாடு தமிழ்நாடே என்று நாம் சொல்வதும் நடக்கட்டும். 1956-ல் போட்ட எல்லைக்கு இரண்டு பக்கமும் நின்று உரிமை கொண்டாடுகிற இரண்டு பெருமிதங்களிலும் பறித்தவளுக்கு இடமில்லை. அந்தப் பெண்ணின் கேள்வி இரண்டையும் ஒரே வெட்டில் கடந்துவிட்டது.

4

உழைத்தவரின் குரல் எகிப்திய மண்ணில் எங்கேயாவது கிடைக்கிறதா? கிடைக்கிறது. நம் பாடங்களில் வராத எகிப்து இது.

நைலின் மேற்குக் கரையில், அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்து வண்ணம் தீட்டிய கைவினைஞர்கள் வாழ்ந்த ஊர் டெய்ர் எல்-மெதினா. மதிலுக்குள் சுமார் 68 வீடுகள். பிரெஞ்சுக்காரர் பெர்னார் புரூயேர் 1922-லிருந்து 1951 வரை அங்கே தோண்டினார். ஊருக்கு வெளியே இருந்த பெருங்குழியில் ஆயிரக்கணக்கான எழுத்துச் சில்லுகள் கிடைத்தன. பாப்பிரஸ் தாள் விலை கூடுதல் என்பதால் உடைந்த பானையோட்டிலும் சுண்ணாம்புக்கல் சில்லிலும் அன்றாடக் கணக்கை எழுதிப் போட்டிருக்கிறார்கள். கழுதை வாடகை, சலவைக் கணக்கு, கடன், சண்டை, காதல் பாட்டு. குப்பைக் குழிதான் நூலகம்.

அவ்வூரைச் சேர்ந்த ஒரு சுண்ணாம்புக்கல் பலகை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இரண்டாம் ராமேசஸின் 40-ம் ஆட்சியாண்டு. ஏறத்தாழ 3,250 வருடத்துக்கு முந்தைய வருகைப் பதிவேடு. 40 தொழிலாளிகளின் பெயர் வரிசை. எந்தெந்த நாள் வேலைக்கு வரவில்லை என்பது கறுப்பு மையில். ஏன் வரவில்லை என்பது அதன்மேல் சிவப்பு மையில். கண் நோவு. தேள் கொட்டியது. பீர் காய்ச்சினான். வீடு கட்டினான். செத்துப்போன தாயின் உடலைப் பாடம் செய்தான். மனைவிக்கோ மகளுக்கோ மாதவிலக்கு.

இதை ஒரு பெரிய தாளில் கறுப்பிலும் சிவப்பிலும் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். பிள்ளைகள் தேளையும் பீரையும் பார்த்துச் சிரித்தார்கள். பெண்கள் முதலில் சிரிக்கவில்லை. ஒருத்தி எழுந்து கிட்டப்போய்ப் பார்த்தார். இருபது வருடமாக மலைக்குப் போகிறவர், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. "வரலேன்னு மட்டும் போடல, ஏன் வரலேன்னும் போட்டிருக்காக" என்றார். கொஞ்சம் நேரம் கழித்து, "நம்ம நோட்டுல நம்ம பேருக்கு நேரா ஒரு கோடு. காச்சலா, புள்ளைக்கு முடியலையா, ஜீப்பு வரலையா, எல்லாத்துக்கும் ஒரே கோடு. கூலி இல்ல, அம்புட்டுதான்" என்றார்.

எழுத்தாளர்கள், விமர்சகர்கள், கோட்பாட்டாளர்கள் என்று நாம் ஆவணம் பற்றியும் அதிகாரம் பற்றியும் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். வருகைப் பதிவேடு என்பது உடலைக் கண்காணிக்கும் கருவி என்று ஃபூக்கோவைத் துணைக்கழைத்து நானே ஒரு கட்டுரை எழுதியவன். தப்பில்லை. அந்தச் சிவப்பு மையும் கண்காணிப்புதான். ஆனால் அந்த அக்கா கண்டது வேறு. காரணம் எழுதப்படாதபோது தொழிலாளி வெறும் இன்மையாகிறாள். காரணம் எழுதப்பட்டால், கண்காணிப்பவனின் ஏட்டிலேயே அவளுக்குத் தாய் உண்டு, நோவு உண்டு, வீடு உண்டு என்று ஆகிவிடுகிறது. கோட்பாடு தவறவிட்ட இந்த வேறுபாட்டைக் கோடு வாங்கியவர் பிடித்துவிட்டார்.

மாதவிலக்கு விஷயம் மெதுவாக வந்தது. ஆண்பிள்ளைகள் வெளியே விளையாடப் போன பிறகு பேச்சு தொடங்கியது. கக்கூஸ் இல்லாத மலைச் சரிவில் அந்த நாட்களை எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். "அந்தக் காலத்துல பொண்டாட்டிக்கின்னா புருசனுக்கு லீவாமுல்ல" என்று ஒருத்தி சொல்ல, அப்போதுதான் சிரிப்பு வெடித்தது. மூவாயிரம் வருடத்துக் கல் ஒன்று, ஒரு சுகாதாரக் கூட்டத்தில் வராத பேச்சை வரவழைத்தது. பாரோ கதை எதுக்கு என்று கேட்ட தோழருக்கு இது பதிலாகுமா என்று தெரியவில்லை. அன்றைக்கு அவரும் அங்கேதான் இருந்தார்.

அடுத்து வேலைநிறுத்தம். மூன்றாம் ராமேசஸின் 29-ம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ கி.மு. 1157. படியளப்பு, அதாவது மாதச் சம்பளமான கோதுமையும் பார்லியும், நாள் கடந்தும் வரவில்லை. தொழிலாளிகள் கருவியைக் கீழே வைத்துவிட்டு, காவல் எல்லைகளைத் தாண்டிப் போய், அரசர்களின் நினைவுக் கோயில்களின் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பசியாலும் தாகத்தாலும் வந்தோம், துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை, பாரோவுக்கு எழுதுங்கள் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். அமென்நக்த் என்ற எழுத்தர் இதைப் பதிவு செய்தார். அந்தத் தாள் இத்தாலியின் தூரின் நகரில் இருக்கிறது. உலகில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்வார்கள். வகுப்பில் எல்லோருக்கும் உடனே நினைவுக்கு வந்தது 2015 செப்டம்பர். மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் போனசுக்காகவும் கூலிக்காகவும் 'பெம்பிளை ஒருமை' என்று கூடி, சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு ரோட்டில் உட்கார்ந்த மாதம். எகிப்துக்குத் தேதி சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல நாள்காட்டி இல்லை.

5

இங்கே நிறுத்திவிட்டால் கட்டுரை நன்றாக முடியும். ஆனால் அது மோசடி.

டெய்ர் எல்-மெதினாக்காரர்கள் எகிப்தின் சாதாரணக் கூலிகள் இல்லை. அரசு நேரடியாகப் படியளந்த தேர்ந்த கைவினைஞர்கள். வீடு அரசு தந்தது. தண்ணீரைக் கழுதையில் கொண்டுவர ஆள் உண்டு. தானியம் அரைக்க அரசு அனுப்பிய அடிமைப் பெண்கள் முறைவைத்து வீடு வீடாக வேலை செய்தார்கள். பீர் காய்ச்ச லீவு எடுத்தவனின் பேர் கல்லில் இருக்கிறது. அவன் வீட்டு மாவை அரைத்தவளின் முதுகு வலித்த நாள் எங்கேயும் இல்லை. மனைவியின் மாதவிலக்கு பதிவானது அவளுக்காக இல்லை, அவனுடைய லீவுக்காக. எழுத்தறிவு அதிகமிருந்த ஊர் என்பதாலும், எழுதிய கல்லும் ஓடும் வறண்ட மண்ணில் தப்பியதாலும்தான் அவர்கள் குரல் நமக்குக் கேட்கிறது. ஈரமான டெல்டாவில் வயலில் உழன்ற கோடிப் பேர் மௌனமாகப் போனார்கள்.

இந்த விஷயத்தை நான் முதல் மூன்று வகுப்புகளில் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். உழைப்பவர் உழைப்பவரைக் கண்டுகொள்ளும் அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை. பெருமிதக்காரர் மிளகில் செய்ததை நான் வேலைநிறுத்தத்தில் செய்திருக்கிறேன். தனக்குப் பிடித்த எகிப்தை வெட்டியெடுத்துக் கண்ணாடியாக மாட்டிவிட்டேன். நாலாவது வாரம் சொன்னபோது யாரும் வாடவில்லை. மாவரைத்த அடிமைப் பெண்ணைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். மலையில் காயெடுப்பவளுக்கும், கீழே குடோனில் உட்கார்ந்து காய் பொறுக்குபவளுக்கும், ஸ்டோரில் நெருப்புப் பார்ப்பவனுக்கும், கங்காணிக்கும் இடையே கூலியிலும் மரியாதையிலும் உள்ள படிநிலை அவர்களுக்குத் தெரியாததா? எந்தத் தோட்டத்தில் எந்தச் சாதிக்காரர் எந்த வேலைக்கு எடுக்கப்படுகிறார் என்பதையும் பேசினார்கள். 'தொழிலாளி' என்ற ஒற்றைச் சொல்லை உடைக்க எனக்குத் தைரியம் வராத இடத்தில் அவர்கள் உடைத்தார்கள். அடித்தள மக்கள் ஆய்வு பற்றி நாம் பேசும்போதெல்லாம் அந்த அடித்தளத்துக்குள்ளும் அடி உண்டு என்பதை மறந்துபோகிறோம்.

6

ஆக, எப்படிச் சொல்லித்தருவது? பாடத்திட்டம் எதையும் நான் முன்வைக்கப் போவதில்லை. செய்து பார்த்ததில் தேறியதை மட்டும் சொல்கிறேன்.

பிள்ளைகளையும் பெரியவர்களையும் பிரிக்கக் கூடாது. பிள்ளைக்குப் படிக்கத் தெரியும், எதைக் கேட்பது என்று தெரியாது. அம்மாவுக்குக் கேட்கத் தெரியும், படிக்கச் சிரமம். மெரெர் என்ற மேற்பார்வையாளனின் நாட்குறிப்பைப் படித்தபோது இது நன்றாகத் தெரிந்தது. செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃபில் பியேர் தாலே குழுவினர் 2013-ல் கண்டெடுத்த, 4,500 வருடம் பழைய தாள். தூராவிலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி கிசாவில் கூஃபுவின் பிரமிடுக்குக் கொண்டுபோன கணக்கு, நாள் நாளாக. பிள்ளைகள் அதில் பிரமிடைத் தேடினார்கள். பெரியவர்கள் போகவர எத்தனை நாள், இடையில் எங்கே தங்கினார்கள், சோறு யார் போட்டது என்று கேட்டார்கள். ஆய்வாளர்கள் கேட்டதும் அதைத்தான்.

உள்ளூர் மண்ணை எகிப்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கி இறங்கிக் கொட்டகுடி வழியாகப் போடிக்கு வந்த காலம் ஒன்று உண்டு. அதுவும் தொல்லியல்தான். யார் தூண் நட்டார்கள் என்று தாத்தாக்களைக் கேட்டு எழுதலாம். 2010-ல் மீட்டர்கேஜ் ரயில் நின்று 2023-ல் அகலப்பாதை வரும்வரை போடி ஸ்டேஷன் கிடந்த கிடையே மண் அடுக்கைப் புரியவைக்கப் போதும். ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழ் பிராமி நடுகற்கள் அரசருக்கு நட்டவை இல்லை. அவற்றில் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் செத்தவனுக்கு நட்டது. பெயரோடு. அதை டெய்ர் எல்-மெதினாப் பலகைக்குப் பக்கத்தில் வைத்து, யார் பேர் எதற்காக எழுதப்படுகிறது என்று கேட்டால் இரண்டு நாகரிகமும் ஒரே வகுப்பில் வந்துவிடும்.

எது எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். வருகைப் பலகை லண்டனில், வேலைநிறுத்தத் தாள் தூரினில், முசிறிச் சுவடி வியன்னாவில். 2025 நவம்பரில் கெய்ரோ அருகே பெரும் எகிப்திய அருங்காட்சியகம் முறைப்படி திறக்கப்பட்டபோது துட்டன்காமூனின் புதையல் முழுவதும் ஒரே இடத்தில் சேர்ந்தது. நல்லது. அரசனின் சொத்து வீடு சேர்ந்துவிட்டது. தொழிலாளியின் லீவுக் கணக்கு இன்னும் வெளிநாட்டில்தான் கிடக்கிறது.

கடைசி வகுப்பில் உடைந்த பானையோடுகளைக் கொண்டுவரச் சொன்னோம். அவரவர் வீட்டில் மலைக்குப் போகிறவர் போன மாதம் போகாத நாட்களை கறுப்பிலும், ஏன் போகவில்லை என்பதைச் சிவப்பிலும் எழுத வேண்டும். பிள்ளைகள் அம்மாவைக் கேட்டு எழுதினார்கள். எழுதத் தெரிந்த அம்மாக்கள் தாங்களே எழுதினார்கள். 'இடுப்பு'. 'ரேசன்'. 'மழை, ஜீப் இல்லை'. 'பெரிய மனுசி ஆனாள்'. 'அப்பா குடி'. ஒரு ஓட்டில் சிவப்பு மையில் ஒன்றும் இல்லை, நாள் மட்டும் இருந்தது. காரணத்தை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியும் சார், நோட்டுக்குத் தெரிய வேணாம்" என்றார் அந்த அக்கா.

காரணம் எழுதப்படுவதே விடுதலை என்று நாலு பத்திக்கு முன்னால் நான் கட்டியதை அவர் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டுப் போனார். அந்த ஓட்டையும் மற்றவற்றோடுதான் அடுக்கி வைத்திருக்கிறோம்.